சீன எழுத்தை 9 பட்டனுக்குள் அடைத்த கதை: டெஸ்டிங் செய்தவனின் புலம்பல்

#1 பட்டன்போன்_பித்தன்

போன வாரம் வேறொரு இழையில் ஒருவர், "நமக்கு 247 எழுத்துக்கே இந்தப் பாடு, சீனாக்காரன் ஆயிரக்கணக்கான எழுத்தைப் போனில் எப்படி அடிக்கிறான்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அங்கேயே பதில் எழுத உட்கார்ந்தேன், அனுமார் வால் மாதிரி நீண்டுவிட்டது, அதனால் தனி இழை.

2006இலிருந்து மூன்று வருடம் பெய்ஜிங்கில் ஒரு போன் கம்பெனிக்கு வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். பட்டன் போனில் சீனத்தில் தட்டச்சு செய்யும் மென்பொருளைச் சோதிப்பதுதான் வேலை. சீனம் தெரியாதவனை எதற்கு இதில் போட்டார்கள் என்று கேட்காதீர்கள், முதல் ஆறு மாதம் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்கு மொழி வந்திருந்தது.

முதலில் அடிப்படை. சீனத்தின் ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதும் முறைக்குப் பின்யின் என்று பெயர். 1958இல் அரசு ஏற்றது, அப்போதிலிருந்து பள்ளியில் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒலியை அடித்தால் அந்த ஒலியுள்ள எழுத்துகள் திரையில் ஒரு பட்டையில் வரிசையாக வரும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிக்கல் எங்கே என்றால், தொனியை, அதாவது அசையின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கத்தை, கழித்துவிட்டுப் பார்த்தால் மாண்டரின் என்ற பொதுச் சீனத்தில் மொத்தமே சுமார் 400 அசைதான். எழுத்தோ, கணினிக்கான எழுத்துப் பட்டியலாக 1980இல் வந்த பழைய ஜிபி 2312 தரத்தில் மட்டுமே 6763. அதாவது ஒரு ஒலிக்குப் பின்னால் ஒரு கூட்டமே நிற்கும். கணினியிலேயே இந்த நிலைமை. பட்டன் போனில் 2 முதல் 9 வரை எட்டு பட்டன்தான், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு எழுத்து. குழப்பத்தின் மேல் இன்னொரு குழப்பம்.

ஒரே ஒரு எடுத்துக்காட்டு. பழைய போன் வைத்திருப்பவர்கள் கையில் எடுத்துப் பாருங்கள். 9426 என்று அழுத்துங்கள். எக்ஸ், ஐ, ஏ, ஓ என்று படித்தால் "ஷியாவ்". கடைசி 6ஐ என் என்று படித்தால் "ஷியன்". முதல் இரண்டையும் இசட், எச் என்று படித்தால் "ஜாவ்", "ஜான்". நான்குமே உண்மையான அசைகள், நான்குமே தினமும் புழங்குபவை. ஷியாவ் என்றால் சிறியது, சிரிப்பு. ஷியன் என்றால் முதலில், நூல், மாவட்டம். ஜாவ் என்றால் தேடு, ஒளி. ஜான் என்றால் நில், போர். நான் சொன்னது அர்த்தம் மட்டும்தான், ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து, இன்னும் பத்து இருபது வரிசையில் நிற்கின்றன.

இனி கொஞ்சம் கொடுமை. 9426924 அழுத்தினால் "ஷியன்ஸாய்", இப்போது என்று அர்த்தம். அதே ஏழு எண்தான் "ஜான்ஸாய்", அதாவது ஓர் இடத்தில் நிற்பது. "நான் இப்போது வாசலில்", "நான் வாசலில் நிற்கிறேன்" இரண்டுமே ஒரே பட்டன் வரிசை! எதை முதலில் காட்டுவது? இதற்கு ஒரு மீட்டிங், அந்த மீட்டிங்குக்கு ஒரு மினிட்ஸ்.

அந்த மூன்று வருடத்தில் எனக்குப் புரிந்த ஒரே விஷயம், எங்கள் கம்பெனி தப்பானதை அளந்துகொண்டிருந்தது. எல்லா அறிக்கையிலும் "ஒரு எழுத்துக்கு எத்தனை அழுத்தம்" என்ற எண்தான் முதல் வரி. அதைக் குறைத்தால் கைதட்டல். ஆனால் அடிப்பவரின் நேரம் விரலில் போகவில்லை, கண்ணில் போனது. சந்தேகம் இருந்தால் கேளுங்கள், முடிந்தவரை சொல்கிறேன்.

#2 தோசைக்கல்

அண்ணே, அருமை. ஒரு மக்குக் கேள்வி. தொனியையும் சேர்த்து அடித்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடாதா? 1, 2, 3, 4 என்று எண் போட்டுவிடலாமே.

#3 பட்டன்போன்_பித்தன்

மக்குக் கேள்வி இல்லை தம்பி, எங்கள் ஆட்களே இரண்டு முறை அதைச் செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு அசைக்கும் ஓர் அழுத்தம் கூடும். அதைவிட, வாயில் சரியாக வரும் தொனியை "இது எத்தனையாவது?" என்று கேட்டால் பலர் ஒரு நொடி நின்று யோசிப்பார்கள். தெற்கே போனால் தொனியே கொஞ்சம் மாறும். இரண்டு அசையாகச் சேர்த்து ஒரு சொல்லாக அடித்தாலே குழப்பம் பெருமளவு தானாகத் தீர்ந்துவிடுகிறது, அந்த ஒரு நொடி யாருக்கும் தேவைப்படவில்லை.

தைவானில் கதை வேறு. அங்கே பின்யின் இல்லை, ஜுயின் என்று 37 குறிகள் கொண்ட முறை, பள்ளியிலிருந்தே அதுதான். பட்டன் மேலேயே அந்தக் குறிகளை அச்சடித்திருப்பார்கள். தொனிக் குறியும் அவர்களுக்குப் பழக்கம். ஹாங்காங்கில் மறுபடியும் வேறு, அவர்கள் பேசுவது காண்டனீஸ் என்ற வேறொரு சீன மொழி, பின்யின் பலருக்கு வராது. எழுத்தின் வடிவத்தை உடைத்து அடிக்கும் ட்ஸாங்ஜியே, அதன் சுருக்கமான க்விக், எண் பட்டனுக்கென்றே வந்த க்யூ9 என்று அவர்கள் உலகமே தனி. "சீன மொழிக்கு ஒரு கீபோர்டு" என்று ஒரு வரியில் ஸ்பெக் எழுதி அனுப்பிய மேலாளர் ஒருவர் இருந்தார், நல்ல மனிதர்.

#4 கணக்குப்பிள்ளை

பித்தன் சார், உங்கள் முடிவை அவ்வளவு எளிதாக ஏற்க முடியவில்லை. அழுத்தங்களை எண்ணுவது ஒன்றும் மேனேஜர் கண்டுபிடித்த வித்தை கிடையாது. கனடாவில் யார்க் பல்கலையின் ஸ்காட் மெக்கன்ஸி 2002இல் இதை ஒழுங்காக வரையறுத்து எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் ஒரே பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தும் முறைக்கு ஒரு எழுத்துக்கு ஏறக்குறைய 2.03 அழுத்தம். அகராதி வைத்து ஊகிக்கும் டி9க்கு 1.007. இந்த எண் இல்லாமல் டி9 ஏன் ஜெயித்தது என்று எப்படி விளக்குவீர்கள்? கண், மனம் என்று போனால் ஆளுக்கு ஆள் மாறும். எண் மாறாது. டிசைன் கட்டத்தில் ஆளே இல்லாமல் கணக்குப் போட வேறு எது இருக்கிறது?

#5 பட்டன்போன்_பித்தன்

டிசைன் கட்டத்தில் எண்ணுங்கள், யார் வேண்டாம் என்றது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு "வேகம் கூடிவிட்டது" என்று பெட்டியில் அச்சடிப்பதைத்தான் சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன டி9ஐயே எடுத்துக்கொள்வோம். சியாட்டில் டெஜிக் கம்பெனியின் சரக்கு. ஆங்கிலத்தில் பெரும்பாலான சொல்லுக்கு ஒரு எண் வரிசை, ஒரே சொல். பழகியவன் திரையைப் பார்க்காமலே பெஞ்சுக்கு அடியில் அடிப்பான், நீங்களும் கல்லூரியில் அடித்திருப்பீர்கள். 1.007 என்ற எண் அங்கே உண்மையைச் சொல்கிறது, ஏனென்றால் அழுத்துவதைத் தவிர வேறு வேலை அங்கே இல்லை. சீனத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் நிமிர்ந்து பார்த்தே ஆகவேண்டும். பார், படி, இதுவா அதுவா என்று முடிவெடு, நகர்த்து, உறுதி செய். இதில் எண்ணப்படுவது கடைசி இரண்டு மட்டும்.

இன்னொன்று. அந்தக் காலத் தந்தியில் ஒவ்வொரு சீன எழுத்துக்கும் 4 இலக்க எண் கொடுத்திருந்தார்கள். அதையே போனில் போட்டுவிட்டால் எழுத்துக்கு 4 அழுத்தம், குழப்பமே கிடையாது, கண்ணுக்கும் வேலை இல்லை. தந்தி ஆபீஸ் ஆள் அதை மனப்பாடமாக அடித்தார். உங்கள் அத்தை அடிப்பாரா?

#6 கணக்குப்பிள்ளை

என் அத்தையை விடுங்கள், அவர் போனை எடுப்பதே பெரிய விஷயம். சரி, தந்தி உதாரணம் எனக்குத்தான் சாதகம், நினைவுச் சுமை என்று தனியாக ஓர் அளவு வேண்டும் என்கிறீர்கள். தாராளமாக அளந்துகொள்ளுங்கள். அதை எப்படி அளந்தீர்கள் என்று சொல்லுங்கள்.

#7 சிங்கைச்_செல்வி

இடையில் ஒரு விஷயம். இங்கே சிங்கப்பூரில் எங்கள் அலுவலகத்தில் சீனத் தோழிகள் பலர். இளையவர்கள் பின்யின். ஆனால் ஒருத்தியின் அம்மா, எழுபது தாண்டியவர், விரலால் திரையில் எழுதுகிறார். ஒரு எழுத்து, நிறுத்தம், அடுத்த எழுத்து. ஏன் ஆன்ட்டி பின்யின் அடிக்கக்கூடாதா என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு, "நான் வீட்டில் டியோச்சு என்ற தென்சீன வழக்கைப் பேசி வளர்ந்தவள், அந்த ஒலியெல்லாம் எனக்குத் தெரியாது, எழுத்து தெரியும்" என்றார். "மாண்டரின் பேசுவோம்" இயக்கம் இங்கே 1979இல்தான் வந்தது, அதற்குள் இவர் பள்ளியையே முடித்திருப்பார். ஆக ஒலியை வைத்து அடிப்பது என்பதே ஒரு தலைமுறைக்கும் ஒரு பேச்சுவழக்குக்கும் உரியதுதானே பித்தன் அண்ணா?

#8 பட்டன்போன்_பித்தன்

செல்வி, சரியாகப் பிடித்தீர்கள். அதனால்தான் பட்டன் போனில் இரண்டாவது ஒரு முறை எப்போதும் கூடவே இருந்தது, கோடு முறை. எந்தச் சீன எழுத்தையும் ஐந்து வகைக் கோட்டுக்குள் அடக்கிவிடுவார்கள். படுக்கை 1, நிற்பது 2, இடப்பக்கம் சரிவது 3, புள்ளி 4, மடங்குவது 5. வலப்பக்கம் சரியும் கோட்டையும் புள்ளிக் கணக்கில் 4இல் சேர்த்துவிடுவார்கள். சந்தேகம் வந்தால் பல போன்களில் 6 அழுத்தலாம், "ஏதோ ஒரு கோடு" என்று அர்த்தம். கால்கரியில் இருந்த ஸீ கார்ப்பரேஷனுக்கும் டெஜிக்குக்கும் இந்தச் சந்தையில் பெரிய போட்டி, கடைசியில் இரண்டையுமே நுவான்ஸ் என்ற மென்பொருள் கம்பெனி வாங்கிக்கொண்டது.

"நான்" என்று பொருள்படும் "வோ" என்ற எழுத்துக்கு 3121534, ஏழு கோடு. அதுவே பின்யினில் 96, இரண்டே அழுத்தம். கோடு முறை தோற்றது என்று உடனே தோன்றும். ஆனால் முழுவதையும் அடிக்க வேண்டியதில்லை, நாலைந்து கோட்டிலேயே எழுத்து பட்டைக்கு வந்துவிடும்.

சிக்கல் சின்ன எழுத்தில்தான். 34 அழுத்தினால் "மனிதன்", "எட்டு", "உள்ளே போ" மூன்றுக்கும் ஒரே கோடுகள். 121 என்றால் "மண்", "அறிஞர்", "வேலை". மண்ணுக்கும் அறிஞருக்கும் வித்தியாசம், எந்தப் படுக்கைக் கோடு நீளம் என்பதுதான், பட்டனுக்கு நீளம் தெரியாது. அப்புறம் கோடு வரிசை. பள்ளியில் எது முதலில் என்று சொல்லிக்கொடுத்ததைப் பாதிப் பேர் மறந்திருப்பார்கள், தைவான் வரிசையும் சீன வரிசையும் சில எழுத்தில் வேறு. ஆக, தப்பான வரிசையையும் ஏற்றுக்கொள் என்று அகராதியில் கூடுதல் பதிவுகள். எதைச் சேர்ப்பது என்பதற்குப் பத்துப் பேரை உட்காரவைத்துக் காகிதத்தில் எழுதச் சொல்லி, நான் பக்கத்தில் நின்று பார்த்துக் குறித்துக்கொண்டேன். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. ஒரு காவலாளி ஐயா அழகாக எழுதினார், ஒவ்வொன்றும் தப்பான வரிசை.

விரலால் எழுதுவதும் புதிதில்லை. 2003இலேயே நோக்கியா 6108 என்று ஒன்று வந்தது, பட்டன் பலகையைத் திறந்தால் உள்ளே எழுதுவதற்கு ஒரு சின்னப் பலகை, கூடவே குச்சிப் பேனா. ஐபோனில் 2008இல் சீனக் கையெழுத்து வந்தபோது எல்லோரும் வாயைப் பிளந்தார்கள், எங்கள் அலுவலகத்தில் ஒரு வயதானவர் மட்டும் மேசை டிராயரைத் திறந்து 6108ஐ எடுத்துக் காட்டினார்.

#9 பட்டன்போன்_பித்தன்

கணக்குப்பிள்ளை கேட்டதற்கு இப்போது வருகிறேன், எப்படி அளந்தோம் என்று. சுருக்கமாகச் சொன்னால் முதலில் அசிங்கமாக அளந்தோம்.

பத்திரிகையிலிருந்து முப்பது வாக்கியம் எடுத்து, அச்சடித்துக் கொடுத்து, "இதைப் பார்த்து அடியுங்கள்" என்பது எங்கள் முறை. புது மென்பொருள் பிரமாதமாக வந்தது. வராமல் என்ன செய்யும், அகராதியில் சொல்லின் வரிசையைத் தீர்மானித்ததே பத்திரிகை மொழிதான்! கேள்வித்தாளைப் படித்துவிட்டுப் பரீட்சை எழுதிய கதை. நிஜத்தில் ஆட்கள் அனுப்புவது என்ன? நண்பன் பெயர், ஓட்டல் பெயர், "வரும்போது கொத்தமல்லி வாங்கி வா", கடைசியில் ஒரு 88. சீனத்தில் எட்டு "பா", அதனால் 88 என்றால் பைபை. அப்போது எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 0.1 யுவான், 70 எழுத்துதான் இடம், யார் அதில் தலையங்கம் எழுதுவார்கள்?

இது முதல் தப்பு. இரண்டாவது தப்பு இன்னும் நுட்பம், அதைக் கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆனது. காகிதத்தைப் பார்த்து அடிக்கச் சொன்னால் கோடு முறைக்காரருக்கு லாபம், எழுத்தின் வடிவம் கண் முன்னாலேயே இருக்கிறதே, எண்ண வேண்டியதுதான். சரி, காகிதம் வேண்டாம், வாயால் சொல்லி அடிக்கச் சொல்வோம் என்றால் பின்யின்காரருக்கு லாபம், ஒலியை நாமே கையில் கொடுத்துவிடுகிறோம். இரண்டிலும் நாம் கேள்வியோடு பாதி விடையையும் கொடுத்துவிடுகிறோம். இதில் "எந்த முறை வேகம்" என்ற ஒப்பீட்டுக்கு என்ன அர்த்தம்?

கடைசியில் செய்தது இதுதான். காகிதமும் இல்லை, குரலும் இல்லை. ஒரு நிலைமையைச் சொல்வோம்: "பஸ் நின்றுவிட்டது, வீட்டில் காத்திருக்கிறார்கள், தகவல் அனுப்புங்கள்." அவர்கள் தங்கள் சொல்லில் அடிப்பார்கள், நாங்கள் பட்டன் பதிவையும் திரையையும் மேலிருந்து ஒரு கேமராவில் எடுப்போம். ஒப்பிடுவது கஷ்டம், ஆளுக்கு ஒரு வாக்கியம். ஆனால் எங்கே விரல் நிற்கிறது என்று தெரியும். ஏறக்குறைய எப்போதும் பட்டை வந்த பிறகுதான் நிற்கும்.

பிழையை எண்ணுவதும் தலைவலி. "தெ" என்று ஒலிக்கும் மூன்று இடைச்சொல் எழுத்து உண்டு, இலக்கணப்படி வேறு வேறு இடம். பாதிப் பேர் முதலில் வந்ததை அப்படியே அனுப்பிவிடுவார்கள், படிப்பவருக்கும் பொருட்டில்லை. அது பிழையா? நம் ஊரில் "கண்னன்" என்று வந்தால் அனுப்பிவிட்டுப் போவதில்லையா, அந்த மாதிரி.

#10 நெல்லைச்சீமை

அண்ணாச்சி, அந்த "கண்னன்" என் பெயர்தான், மனதைப் புண்படுத்தாதீர்கள். நம்மூரில் வாழைப்பழத்தை வாளப்பளம் என்று சொல்கிறவர்கள் எத்தனை பேர், அவர்கள் ஒலியை வைத்து அடித்தால் என்ன ஆகும்? சீனாவில் இந்தக் கூத்து இருக்காதா?

#11 பட்டன்போன்_பித்தன்

இருக்காதாவா! என் பக்கத்து இருக்கைக்காரர் சிச்சுவான், அவருக்கு "ந"வும் "ல"வும் ஒன்று. ஹூநான் மாகாணத்தில் பல பகுதிகளில் ஹூ என்பதே ஃபூ ஆகும், ந என்பது ல ஆகும், அதனால் அவர்கள் தங்கள் ஊரையே "ஃபூலான்" என்று சொல்கிறார்கள் என்று சீனாவில் ஒரு பழைய கிண்டல் உண்டு. ஹூநான் 48626, ஃபூலான் 38526. இரண்டு பட்டன் தப்பு, ஆனால் அவர் காதுக்குத் தப்பே இல்லை.

இதற்காகத்தான் "மங்கல் பின்யின்" என்று ஒரு வசதி. ந-ல, ஃப-ஹ, ஸ-ஷ, "ன்"-"ங்" இவற்றையெல்லாம் ஒன்றாகவே கருது என்று சொல்லிவைக்கலாம். வசதிதான், ஆனால் ஏற்கெனவே 9426க்கு நான்கு அசை நிற்கும் இடத்தில் இன்னும் சிலதைக் கூப்பிட்டு உட்காரவைக்கிறோம். அதனால் முதலில் எல்லாம் அணைத்தே வரும். அமைப்புகளில் ஐந்து படி உள்ளே போய் இயக்க வேண்டும். யாருக்குத் தேவையோ அவருக்கு அது இருப்பதே தெரியாது. சிச்சுவான்காரருக்கு நான்தான் காட்டிக்கொடுத்தேன். "ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை?" என்று கோபப்பட்டார், ஒரு வருடமாக அதே மென்பொருளில் வேலை பார்க்கிற மனிதர்.

ஒரு சின்ன இன்பமும் உண்டு. கணினியில் புள்ளி வைத்த யூவுக்கு (ü) தனியாக வி அழுத்த வேண்டும், பின்யினில் வி வேறெதற்கும் பயன்படாது என்பதால் அந்த ஏற்பாடு. பட்டன் போனில் யூவும் வியும் ஒரே 8. பிரச்சினை தானாகவே காலி. மூன்று வருடத்தில் எட்டு பட்டன் எங்களுக்குச் செய்த ஒரே உதவி.

#12 மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. கணக்குப்பிள்ளை, பித்தன், இருவரும் தனிப்பட்ட அத்தைகளை விட்டுவிட்டுத் தொடரவும்.

#13 பட்டன்போன்_பித்தன்

மட்டுறுத்துநர் ஐயாவுக்கு ஒரு தகவல். சீன இணைய மன்றங்களில் உங்கள் பதவிக்கு "பான்ஜு" என்று பெயர், பலகையின் தலைவர் என்று அர்த்தம். அவசரமாக அடித்து முதலில் வந்ததை ஆட்கள் அனுப்ப, அது "புள்ளி மூங்கில்" என்று போனது. அப்புறம் அதையே வேண்டுமென்றே எழுத ஆரம்பித்து மன்றம் முழுக்கப் புள்ளி மூங்கில் ஆகிவிட்டது. மாவீரரைக் குறிக்கும் "தாஷியா" இப்படித்தான் பெரிய இறால் ஆனது. "பெய்ஜு", அதாவது சோக நாடகம், 2009 வாக்கில் டீ கப் ஆனது. பரிந்துரைப் பட்டையின் வரிசை ஒரு மொழிக்குச் சொல் கொடுக்கிறது என்றால் பாருங்கள்.

#14 மட்டுறுத்துநர்

புள்ளி மூங்கில் குறித்துக்கொண்டது.

#15 தோசைக்கல்

அண்ணே, இந்த அகராதியெல்லாம் எங்கிருந்து வரும்? யாராவது உட்கார்ந்து எழுதுவார்களா?

#16 பட்டன்போன்_பித்தன்

முன்பு எழுதினார்கள். 2006இல் ஸோகோ பின்யின் வந்து அதை மாற்றியது. தேடுபொறி நடத்துகிற கம்பெனி, ஆட்கள் தேடும் சொல்லும் இணையப் பக்கங்களும் கையில், புதுப் பாடகர் பெயர் வந்தால் சில நாளில் அகராதியில். அடுத்த வருடம் ஏப்ரலில் கூகுள் தன் பின்யினை வெளியிட்டது. உடனே ஆட்கள் துருவ ஆரம்பித்தார்கள். ஃபெங் கோங் என்று ஒரு நகைச்சுவை நடிகர். ஸோகோவில் தவறுதலாக "பிங்கோங்" என்று அடித்தாலும் அவர் பெயர் வரும், அது அகராதியில் இருந்த ஒரு பிழை. கூகுளிலும் அதே பிழை! காப்பி அடித்த பையன் பக்கத்துப் பையன் பெயரையும் சேர்த்து எழுதியது போல. கூகுள் தன்னுடையதல்லாத தரவைப் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. எங்கள் அலுவலகத்தில் அன்று முழுக்க யாரும் வேலை செய்யவில்லை, எல்லோரும் எல்லா மென்பொருளிலும் பிழைகளை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எங்களுடையது உட்பட.

#17 சிங்கைச்_செல்வி

இப்போது அந்த அகராதி போனில் மட்டும் இல்லை, பல கீபோர்டுகள் அடிப்பதைச் சர்வருக்கும் அனுப்பித்தான் நல்ல பரிந்துரை தருகின்றன. 2024 ஏப்ரலில் டொரோண்டோ பல்கலையின் சிட்டிசன் லேப் ஒன்பது நிறுவனங்களின் பின்யின் கீபோர்டுகளை ஆராய்ந்து வெளியிட்டதே, எட்டில் ஓட்டை, வழியில் இருப்பவர் நாம் அடிப்பதைப் படிக்கலாம் என்று. ஹுவாவெய் மட்டும் தப்பித்தது. பெரும்பாலானவர்கள் பிறகு சரிசெய்துவிட்டார்கள். ஆனாலும் இதைப் படித்ததிலிருந்து தோழி ஒருத்தி வங்கி விஷயத்தை ஆங்கிலத்தில்தான் அடிக்கிறாள்.

#18 பட்டன்போன்_பித்தன்

எங்கள் காலத்துப் போனில் அனுப்ப வழியே இல்லை, அதனால் நாங்கள் நல்லவர்கள்.

கணக்குப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய கதை ஒன்று பாக்கி. சீனத்தில் அவன், அவள், அது மூன்றுக்கும் ஒலி "தா". எழுத்து மட்டும் வேறு. "அவள்" என்று ஓர் எழுத்தைத் தனியாகப் பயன்படுத்துவதே அதிகப் பழையதில்லை, லியூ பான்னோங் என்ற கவிஞர் 1920 வாக்கில் பரப்பியது. போனில் மூன்றுக்கும் 82. முதலில் "அவன்" வரும், வலப்பக்கம் ஒரு தட்டு தட்டினால் "அவள்".

புதுப் பதிப்பில் ஒரு வசதி சேர்த்தோம், அடிக்கடி எடுப்பதைத் தானாக முன்னால் கொண்டுவரும். அழுத்தக் கணக்கு இறங்கியது, கைதட்டல். சோதனைக்கு இரண்டு வாரம் போன் கொடுத்தவர்களில் ஒரு அம்மா, மகள் வெளியூரில் வேலைக்குச் சேர்ந்த புதிது, அக்காவுக்கு ஓயாமல் மகளைப் பற்றியே செய்தி. 82, வலது, ஓகே. விரலுக்குப் பழகிவிட்டது, பார்ப்பதே இல்லை. சில நாளில் மென்பொருள் கற்றுக்கொண்டது, "அவள்" முதல் இடத்துக்கு வந்துவிட்டது. அம்மாவின் விரலுக்கு அது தெரியாது. 82, வலது, ஓகே. அதற்குப் பிறகு எல்லாச் செய்தியிலும் "அவன் சாப்பிட்டானா தெரியவில்லை", "அவனுக்கு ரூம் கிடைத்துவிட்டது". அக்கா போன் செய்து யார் அந்தப் பையன் என்று கேட்டிருக்கிறார்.

பதிவை எடுத்துப் பார்த்தோம். அழுத்தக் கணக்கில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. திருத்தம் இல்லை, அழித்தல் இல்லை, எங்கள் அறிக்கைப்படி அந்த அம்மா மிக வேகமான பயனர்.

#19 கணக்குப்பிள்ளை

கதை நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதிலிருந்து "கற்றுக்கொள்ளாதே" என்றா முடிவெடுப்பது? அவர் மகளின் பெயரை ஒவ்வொரு முறையும் பட்டையின் மூன்றாம் பக்கத்தில் தேடச் சொல்வீர்களா? இடம் மாறினால் எழுத்தை வேறு நிறத்தில் காட்டலாம். இல்லை, ஒரே அடியாக மாற்றாமல் பத்து முறை எடுத்த பிறகு மாற்றலாம்.

#20 பட்டன்போன்_பித்தன்

நிறத்தைப் பார்க்க அவர் திரையைப் பார்க்க வேண்டுமே சார். பத்து முறைக்குப் பிறகு மாற்றினால் இன்னும் மோசம், அதற்குள் விரல் நன்றாகவே பழகியிருக்கும்.

பெயர் விஷயம் சரி. அதனால் பிரித்தோம். ஒற்றை எழுத்தின் வரிசை உறைந்தே இருக்கும், என்ன செய்தாலும் நகராது. இரண்டு எழுத்துக்கு மேலான சொல், பெயர் எல்லாம் கற்றுக்கொள்ளும், அதை எப்படியும் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். அழுத்தக் கணக்கு கொஞ்சம் ஏறியது, அதை நியாயப்படுத்த நான் எழுதிய அறிக்கை பதினோரு பக்கம். புரோகிராமில் மாறியது சில வரி.

#21 தோசைக்கல்

அப்புறம் புகார் நின்றுவிட்டதா அண்ணே?

(இன்னொன்று, போனில் சீன 9 பட்டன் கீபோர்டு இறக்கிப் பார்த்தேன். 64426 அடித்தால் "நீ ஹாவ்" வந்தது, வணக்கம். பட்டையைத் தள்ளிக்கொண்டே போனால் "மி கான்" என்று ஒன்று. தேடிப் பார்த்தால் கமலா ஆரஞ்சு!)

#22 பட்டன்போன்_பித்தன்

ஆமாம், எம்மும் என்னும் ஓவும் ஒரே 6இல்தானே இருக்கின்றன. பழக்காரருக்கு வணக்கம் சொல்ல வசதி.

புகார் நிற்கவில்லை. போன் கடைக்குப் போய் இரண்டு மாதத்தில் ஒன்று வந்தது, வாடிக்கையாளர் சேவையிலிருந்து எனக்கே அனுப்பினார்கள். எழுதியவர் ஒரு பெண்கள் பள்ளி ஆசிரியை. நாள் முழுக்க மாணவிகளைப் பற்றித்தான் செய்தி அனுப்புகிறேன், ஆயிரம் தடவை "அவள்" என்று எடுத்தாயிற்று, இன்னும் "அவன்"தான் முதலில் வந்து நிற்கிறான், உங்கள் போனுக்கு அறிவே வராதா என்று கேட்டிருந்தார்.